முப்பத்தொன்றாவது நிமிடம்

தீவுச் சிற்றூர் நசேவாவில் மூன்று விளையாட்டுக்கும் இனோக்கே மாஸ்டர்தான் நடுவர். புதன்கிழமை பள்ளி மைதானத்தில் பெண்களின் ஹாக்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரத்துக் கால்பந்து, சனிக்கிழமை ரக்பி. வேறு ஆள் கிடையாது என்பதல்ல. வேறு ஆளை யாரும் கேட்பதில்லை. நாற்பத்தாறு வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், சுருங்காத வெள்ளைக் காலுறை, பதினெட்டு வருடமாக ஒரு தீர்ப்பையும் மாற்றாதவர் என்ற பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும்.

கோட்டோரம் கொடி பிடிக்கும் அவினேஷ் அவரைச் சும்மா விடமாட்டான்.

"அண்ணே, இந்த ஊர்ல ரோட்டுல ஒரு சிக்னல் விளக்கு கெடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் உங்க பாக்கெட்லதான் இருக்கு."

ஹாக்கி அட்டைகளைத் தனியாக ஒரு பிஸ்கெட் டப்பாவில் வைத்திருந்தார். பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். பச்சை வாங்கியவள் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். கால்பந்தில் பச்சையே கிடையாது. மஞ்சள் வெறும் எச்சரிக்கை, வாங்கியவன் முணுமுணுத்துக்கொண்டே ஆடலாம். ரக்பியில் மஞ்சள் வாங்கியவன் அங்கேயே நடையைக் கட்டவேண்டும்: பதினைந்து பேர் ஆட்டமென்றால் பத்து நிமிடம், ஏழு பேர் ஆட்டமென்றால் இரண்டு. ஆனால் கால்பந்தானாலும் ரக்பியானாலும், ஒரே ஆளுக்கு இரண்டாவது மஞ்சள் வந்தால் அது சிவப்பு. அந்த இரண்டுக்கும் அட்டை ஒரே வடிவம் என்பதால் மாஸ்டர் ஒரே ஜோடியைத்தான் வைத்திருந்தார். யாருக்கு, எத்தனையாவது நிமிடத்தில் என்று மஞ்சளின் முதுகில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் எச்சில் தொட்ட கட்டைவிரலால் துடைத்துவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை துடைக்கவில்லை. கால்பந்தில் ஏழாம் எண் சட்டைக்காரன் ஒருவன், லாரி மெக்கானிக், எதிராளியின் காலை வாரினான். மஞ்சள் காட்டி, "7 – 31" என்று குறித்தார். கடைசி விசில் ஊதும்போது மழை கொட்டியது. அட்டைகளை உறைக்குள் தள்ளிவிட்டு எல்லோரோடும் சேர்ந்து கூரைக்கு ஓடினார்.

மறுநாள் சனிக்கிழமை, கடற்கரைக் கிராமங்களின் ஏழு பேர் ரக்பி. காலையிலிருந்து பதினோரு ஆட்டம். கரும்பு லாரிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூங்கில் கம்பம் நட்டுத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பெண்கள் வறுத்த மீனும் மரவள்ளிக்கிழங்கும் விற்றார்கள். அன்று ஒரு மஞ்சள்கூடத் தேவைப்படவில்லை. இறுதி ஆட்டத்துக்கு நவாயும் வுனிசோலேயும் வந்தன.

நவாயின் ஏழாம் எண் நெமானி. இருபத்திரண்டு வயது, கரும்பு வெட்டுகிறவன். ஓடினால் பின்னால் வருகிறவர்கள் பாதியில் நின்று பார்ப்பார்கள். தலைநகர் சுவாவிலிருந்து ஒரு பெரிய கிளப் அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தது. அடுத்த புதன் கழித்து வரும் புதன்கிழமை கப்பல். அந்தக் கடிதத்தை அவன் அம்மா பைபிளுக்குள் வைத்திருக்கிறாள் என்பதுவரை கடற்கரை முழுக்கத் தெரியும்.

இரண்டாம் பாதியில் நவாய் பன்னிரண்டுக்கு ஏழு என்று முன்னால் இருந்தது. வுனிசோலே ஆள் ஒருவன் கோட்டருகே பந்தை வீச, நெமானி எட்டிக் கையால் கீழே தட்டிவிட்டான். வேண்டுமென்றே தட்டியதுதான், சந்தேகமில்லை. மஞ்சள், இரண்டு நிமிடம். மாஸ்டர் விசில் ஊதிவிட்டு அட்டையை உருவினார், எண்ணைக் குறிக்கத் திருப்பினார். அங்கே ஏற்கெனவே "7" இருந்தது.

அவர் யோசிக்கவில்லை. மஞ்சளைப் பைக்குள் போட்டார், சிவப்பை எடுத்து உயர்த்தினார்.

மைதானம் வெடித்தது. நவாய் கேப்டன் ஓடிவந்தான்.

"மாஸ்டர், எதுக்கு சிவப்பு? பந்தைத் தட்டினதுக்கா? இன்னிக்கு அவன் ஒரு தப்பும் பண்ணலையே!"

மாஸ்டர் மஞ்சளை மறுபடி பாதி வெளியே இழுத்து, உள்ளங்கைக்குள் மறைத்துப் பார்த்தார். ஏழுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று. ஏழு பேர் ஆட்டத்தில் ஒரு பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தமே பதினான்கு. முப்பத்தொன்றாவது நிமிடம் என்று ஒன்று அந்த ஆட்டத்திலேயே இல்லை.

தெரிந்துவிட்டது. அந்த நொடியே தெரிந்துவிட்டது. பிற்பாடு எத்தனை தடவை தனக்குத்தானே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாலும் இந்த இடத்தில் வந்து இடித்தது. சிவப்பு இன்னும் தலைக்கு மேலே இருந்தது. கையைக் கீழே இறக்கி, "என் தப்பு, மஞ்சள்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஆயிரம் பேர் சிரிப்பார்கள். வருடக்கணக்காகச் சிரிப்பார்கள்.

"வெளியே" என்றார்.

நெமானி வாதாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடந்தான். நவாய் ஆறு பேரோடு ஆடித் தோற்றது.

ஆட்டம் முடிந்து அவினேஷ் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தான். அவன் எதிர்க்கோட்டில் நின்றவன்.

"அண்ணே, அவனுக்கு முதல் மஞ்சள் எப்ப குடுத்தீங்க? நான் கவனிக்கலையா?"

"மஞ்சள் இல்ல. நேரா சிவப்பு. தட்டுற சாக்குல மூஞ்சில அடிச்சான்."

"அப்படியா?" என்றான் அவினேஷ். கொடியைச் சுருட்டி முடித்துவிட்டு அதை மறுபடி பிரித்துச் சுருட்டினான். "நான் தூரத்துல இருந்தேன்."

சிவப்பு காட்டினால் எழுத்தில் அறிக்கை தரவேண்டும். இரண்டு மஞ்சள் என்று எழுதினால் இரண்டுக்கும் நிமிடம் எழுதவேண்டும். ஆகவே வாயால் சொன்னதையே எழுதினார்: நவாய் ஏழாம் எண், எதிரணி ஆட்டக்காரரின் முகத்தில் கையால் அடித்தார். கையெழுத்து வழக்கம்போல அழகாக வந்தது. பிறகு மஞ்சள் அட்டையைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை போட்டிக் குழு கூடியது. தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு நெமானியைக் கேட்டார்.

"அடிச்சியா?"

"பந்தைத்தான் தட்டினேன். கை பட்ட மாதிரி எனக்குத் தெரியல."

"பட்டிருக்காதுன்னு சத்தியமா சொல்வியா?"

அவன் இனோக்கே மாஸ்டரைப் பார்த்தான். பள்ளியில் நான்கு வருடம் அவரிடம் ஓடக் கற்றவன். "மாஸ்டர் பார்த்தேன்னு சொன்னா, பட்டிருக்கும்" என்றான்.

வுனிசோலே ஆளையும் கேட்டார்கள். ஆட்டத்தில் முகத்தில் எத்தனையோ படும், எதையென்று நினைவு வைப்பது என்றான். ஆறு வாரம் தடை. தடையிலிருப்பவனைத் தேர்வுக்கு அனுப்ப முடியாது. அவன் இடத்துக்கு வுனிசோலே பையன் ஒருவனின் பெயரைத் தலைவரே எழுதிக் கொடுத்தார்.

இத்தோடு ஓயும் என்று மாஸ்டர் நினைத்தார். எல்லாம் ஒருநாள் பழகிவிடும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாடு முடிந்த வேளை. லோசலினி, அவர் மனைவி, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகப் பாயை உதறி விரித்தாள்.

"நவாயிலிருந்து ஆளுங்க வராங்க. சட்டையைப் போடுங்க."

மூன்று பேர். நெமானியின் அப்பா மத்தையாசி, அவர் தம்பி, பின்னால் நெமானி. மூவரும் துவைத்து மடித்த சுலு வேட்டி உடுத்தியிருந்தார்கள். தம்பியின் கையில் யங்கோனா வேர்க் கட்டு, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோவது, கரைத்துக் குடிப்பது. நல்ல பழைய வேர், ஐந்தாறு வருடம் மண்ணில் இருந்தது. உள்ளே வந்தவர்கள் விருந்தினர் உட்காரும் மேல்பக்கம் வரவில்லை. கதவருகே, செருப்பு கிடக்கும் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மத்தையாசி நவாய் சபையில் பிரசங்கம் செய்கிறவர், ஊரே எழுந்து நிற்கும் மனிதர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாஸ்டர், தலைதூக்கி உங்களப் பார்க்க முடியாம வந்திருக்கோம். எங்க வீட்டுப் பையன் அத்தனை பேருக்கு முன்னால கைநீட்டிட்டான். நீங்க அவனுக்கு ஓட்டம் சொல்லிக் குடுத்தவர். உங்க முன்னாலயே இப்படிப் பண்ணினது உங்களையே அவமதிச்ச மாதிரி. போன புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல அவனை எழுப்பி நிறுத்தி, மன்னிப்புக் கேக்க வெச்சேன். உங்ககிட்டயும் கேக்காம எங்க சாப்பாடு எறங்கல. இந்தச் சின்ன வேரை ஏத்துக்கிட்டு எங்களை மன்னிச்சுடுங்க."

வேர்க் கட்டைப் பாயின்மேல் நகர்த்தினார். நெமானி தலையைத் தூக்கவே இல்லை. அவன் பிடரியில் புதிதாக முடிவெட்டிய தடம் வெளுப்பாகத் தெரிந்தது. இதற்காகவே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

இப்போது சொல்லிவிடலாம். அப்படியே எழுந்து போய் அவர்களுக்கும் கீழே உட்கார்ந்து சொல்லிவிடலாம். ஆனால் மாஸ்டரின் கைகளுக்கு முறை தெரிந்திருந்தது. அவை தாமாகவே முன்னால் போய் வேரைத் தொட்டன. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக உள்ளங்கை குழித்து மெல்லத் தட்டின. வாய் என்னவோ சொன்னது. வாலிபம், சூடு, நாம் எல்லோரும் தவறுகிறவர்கள். மத்தையாசியின் கண்ணில் நீர் வந்தது.

வேரை இடித்து, மரப் பாத்திரத்தில் கரைத்து, பிழிந்தார்கள். முதல் சிரட்டை மாஸ்டருக்கு. அதை ஏந்தி வந்து நீட்டியவன் நெமானி. அவர் ஒரே மடக்கில் குடித்தார். முறைப்படி மூவரும் கைதட்டினார்கள்.

அவர்கள் போனபிறகு லோசலினி பாயைச் சுருட்டினாள். "எவ்வளவு நல்ல மனுஷங்க! நடந்தே வந்திருக்காங்க, பஸ் இல்லாத நாள்ல" என்றாள். மாஸ்டர் கொல்லைப்புறம் போய் அந்தச் சிரட்டையைக் கழுவினார்.

புதன்கிழமை ஹாக்கி. நடு மைதானத்தில் ஒருத்தியின் மட்டை இன்னொருத்தியின் கணுக்காலில் பட்டது. மாஸ்டர் பச்சை முக்கோணத்தைத் தூக்கினார்.

"சார், நான் இல்ல சார். அவ" என்றாள் அட்டை வாங்கியவள்.

"ஆமா சார், நான்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"சரி, தப்பு என்னோடது. நீ இரு. நீ போய் உக்காரு" என்றார் மாஸ்டர்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தி காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஆட்டம் தொடர்ந்தது. அவர் மட்டும் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். இவ்வளவுதானா அது? பச்சைக்கு இவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை சிவப்புக்கு ஏன் வரவில்லை? இங்கே பார்த்தவர்கள் இருபத்திரண்டு சிறுமிகள், அங்கே ஆயிரம் பேர். இதைத் தவிர வேறு காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மணி நாலு. சுவா கப்பலுக்குப் போகும் பஸ் ஐந்து மணிக்குச் சந்தை முனையிலிருந்து கிளம்பும். தலைவர் வீடு சந்தைக்குப் பின்னால்தான். மாஸ்டர் மட்டைகளை எண்ணி அடுக்கினார். வலைகளைக் கழற்றிச் சுருட்டினார். அவை வியாழக்கிழமைவரை அப்படியே கிடக்கக்கூடியவை. ஐந்து மணிக்கு பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது அவர் கடைசி வலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே லோசலினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் அவள் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் நான் சந்தையில கீரை வித்துக்கிட்டு இருந்தேன். அவனுக்குப் பதிலா வுனிசோலே பையன் பஸ்ஸுல ஏறினதை ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். நீங்க ஏன் நேத்து சொல்லல?"

பதில் இருந்தது. நேற்று சொல்லியிருந்தால் இன்னும் சரிசெய்திருக்கலாம். ஆளுக்கு ஆள் ஓடியிருப்பார்கள், கேட்டிருப்பார்கள், ஊர் முழுக்க அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும். பஸ் போகட்டும் என்றுதான் அவர் வலையைச் சுருட்டினார். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது என்று அவள் கோப்பையை எடுத்த விதத்தில் தெரிந்தது.

"அந்த வேரைக் குடிச்சீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

தலைவரிடம் எழுத்தில் கொடுத்தார். அன்றே தடையை நீக்கினார்கள். மாஸ்டருக்கு இரண்டு வருடம் விசில் இல்லை. ஹாக்கியையும் கால்பந்தையும் அவராகவே விட்டார். மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் ஒருவன், "மாஸ்டர், மணி என்ன? முப்பத்தொண்ணு ஆச்சா?" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ அது வந்தேவிட்டது. அது அத்தனை பெரிய விஷயமாகவும் இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

சாயங்காலம் அவினேஷ் வேலியோரம் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணே, அன்னிக்கே எனக்குச் சந்தேகம். கூட ஒரு தடவை கேட்டிருக்கலாம். நீங்க கோவிச்சுப்பீங்கன்னு கேக்கல."

"உன் மேல தப்பு இல்லடா."

"கொஞ்சம் இருக்கு" என்றான் அவினேஷ். போய்விட்டான்.

நவாய்க்குப் போகவேண்டும். வேருக்கு வேர் போதாது. லோசலினி பெட்டியைத் திறந்து, கல்யாணத்தில் அவள் வீட்டார் கொடுத்த திமிங்கலப் பல்லை எடுத்தாள். கயிறு கட்டி, எண்ணெய் பூசி, மஞ்சளேறிய பல். பெரிய தப்புக்கு மன்னிப்புக் கேட்க அதைத்தான் கொண்டுபோவார்கள். அப்படிப் போகிறவன் தனக்காகத் தானே பேசக்கூடாது. பேச அவள் அண்ணன் பௌலியாசி வந்தான். பார்க்கும்போதெல்லாம் மாஸ்டரின் வெள்ளைக் காலுறையைக் கிண்டல் செய்கிற மச்சான்.

"இருபது வருஷமா உன்னைப் பேச ஒரு சாக்கு கெடைக்காதான்னு காத்திருந்தேன் மச்சான்" என்றான் வழியில். "இப்ப கெடைச்சிருக்கு, வாய் வரல."

சனிக்கிழமை காலை. இந்த முறை கதவருகே உட்கார்ந்தவர்கள் இவர்கள். பௌலியாசி முறைப்படி பேசி, பல்லை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். மத்தையாசி அதை வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை.

"நான் என் மகனை நம்பல" என்றார். அது மாஸ்டருக்குச் சொன்னதல்ல. "பட்ட மாதிரி தெரியலன்னு சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான். பொய் சொல்லாதேன்னு நான் கத்தினேன்."

பிறகு பல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மன்னித்ததாகச் சொன்னார். சொல்லவேண்டிய எல்லாச் சொற்களையும் சொன்னார்.

நெமானி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பேச்சு முடிந்து எல்லோரும் கைதட்டிய பிறகு, அவன் மெதுவாகப் பேசினான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? நான் அடிக்கலதானே?"

"இல்லப்பா. நீ அடிக்கல."

"முதல் ரெண்டு நாள் எனக்கு நல்லாத் தெரியும், அடிக்கலன்னு. அப்புறம் சபையில எழுந்து நின்னு அடிச்சேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் படுத்தா, என் கை போய் அவன் கன்னத்துல படுறது தெரிய ஆரம்பிச்சுது. சத்தம்கூடக் கேட்டுது. இப்ப நீங்க இல்லைங்கறீங்க. ஆனா எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கே."

மாஸ்டர் அவனைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. தேர்வு போனதற்கு, தோற்ற ஆட்டத்துக்கு, தகப்பன் முன்னால் குனிந்த தலைக்கு எல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இது அவர் யோசனையிலேயே இல்லை.

"நீ எந்தச் சபையில எழுந்து நின்னியோ, அதே இடத்துல நானும் நிக்கறேன்" என்றார். "நாளைக்கே."



மறுநாள் நவாய் சபையில், பாட்டு முடிந்ததும் மாஸ்டர் எழுந்தார். கடையில் சொல்வதுபோலச் சுருக்கிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மழையிலிருந்து புதன்கிழமை வலை சுருட்டியதுவரை, ஒவ்வொன்றாகச் சொன்னார். பஸ்ஸுக்காகக் காத்திருந்ததையும் சொன்னார். அங்கேதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. லோசலினி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லும்போது அவர் கண் நெமானியைத் தேடியது. அவன் வரவில்லை. விடியற்காலையிலேயே கரும்பு வெட்டும் முகாமுக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. மூன்று மாதம் அங்கேதான்.

ஆராதனை முடிந்து மாஸ்டர் லோசலினியோடு நேரே சாலைக்கு நடந்தார். நெமானியின் அம்மா பின்னாலேயே வந்து கூப்பிட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"பரவால்லைங்க, வீட்டுக்குப் போய்க்கறோம்."

"எங்க ஊருக்கு வந்துட்டு யாரும் பசியோட போனதில்ல" என்றாள். அவள் குரலில் கனிவு இல்லை. உள்ளே பாய் விரித்து, சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் வைத்தாள். மீனின் தலைப்பக்கத்தை அவர் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒவ்வொரு வாயாக எடுத்துச் சாப்பிட்டார். தட்டு காலியாகும்வரை அவள் பார்வையை எடுக்கவில்லை.